வழியில் மூன்று நீர்நிலைகள்: ஜெய்ப்பூரிலிருந்து ஆக்ராவுக்கு

வட இந்தியாவுக்குச் சுற்றுலாச் செல்வோரின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், சில நாட்களுக்கு எதிரே எந்த ஊரின் பெயரும் எழுதப்பட்டிராமல், 'பிரயாணம்' என்னும் ஒரே சொல் மட்டும் இருக்கக் காணலாம். டில்லி ஒரு நாள், ஜெய்ப்பூர் இரண்டு நாள், ஆக்ரா ஒரு நாள் என்று கணக்கிட்டுச் செல்பவர்கள், ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குப் போகும் நாளைச் செலவுக் கணக்கிலே எழுதிவிடுகிறார்கள். அந்த நாளிடமிருந்து அவர்கள் எதையும் எதிர்பார்ப்பதில்லை. காலையில் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி நகரை விட்டு நீங்கியதும் கண்ணயர்கிறார்கள். நடுவழியிலே, சாரதிக்குத் தரகு கொடுக்கும் ஏதோவொரு கடையில் இறங்கி, வேண்டாத கம்பளமொன்றை விலை பேசுகிறார்கள். பிற்பகலில் உடல் வலியோடு விடுதியை அடைகிறார்கள். இலங்கையிலிருந்து கடல் கடந்து, பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில் ஒரு முறை போகின்றவர்களுக்கு இப்படி ஒரு நாள் கழிவது சிறிய நட்டமன்று.

இவ்வாறு வீணாகும் வழிகளுள் முதலிடம் பெறத் தக்கது ஜெய்ப்பூருக்கும் ஆக்ராவுக்கும் இடையிலுள்ள வீதி. தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். நிறுத்தாமல் ஓடினால் நாலரை மணித்தியாலம், அல்லது ஐந்து. புதிய நெடுஞ்சாலைகள் வந்து இந்த நேரத்தை மேலும் குறைக்க முயல்கின்றன. டில்லி–மும்பை விரைவுச் சாலையின் ஒரு பகுதி 2023ஆம் ஆண்டில் தௌசா வரை திறக்கப்பட்டதிலிருந்து அப்பக்கத்துப் போக்குவரத்தின் வேகமே மாறிவிட்டது. விரைந்து போவது வணிகருக்கு நன்று. ஆனால் பார்க்க வந்தவர் எதை நோக்கி விரைகிறார்? தாஜ்மகால் மறுநாட் காலையிலும் அங்கேதான் இருக்கும்.

இந்த வீதி இன்று நேற்று உண்டானதன்று. முகலாயப் பேரரசர் அக்பர், தமக்கு மகன் பிறந்தால் அஜ்மீரில் உள்ள குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் அடக்கத்தலத்துக்குக் கால்நடையாக வருவதாக நேர்ந்துகொண்டார். மகன் 1569இல் பிறந்தான். 1570ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாட்டையாளும் மன்னர், படையும் பரிவாரமும் பின்தொடர, ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை நடந்தே சென்று நேர்த்தியை நிறைவேற்றினார். பின்னர் அப்பெருவழியின் ஓரங்களில் ஒரு கோஸ் தூரத்துக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோமீற்றருக்கு ஒன்றாக, செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கூம்புத் தூண்கள் கட்டுவித்தார். கோஸ் மினார் எனப்படும் அத்தூண்களில் சில இன்றும் வயல்களின் நடுவே நிற்கின்றன. இக்காலத்து நெடுஞ்சாலை, அம்மன்னர் நடந்த திசையிலேதான் பெரும்பாலும் ஓடுகிறது.

எனினும் இந்த வழியைப் புரிந்துகொள்ள மன்னர்களின் கதை மட்டும் போதாது. நீரின் கதையையும் அறிந்திருத்தல் வேண்டும். இப்பிரதேசத்தில் ஆண்டு முழுவதற்கும் உரிய மழையின் மிகப் பெரும் பங்கு யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் வறண்டு கிடக்கும்; மே, யூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை சதமத்தைத் தொடும். ஆகவே இங்கே ஊர் அமைக்க எண்ணியவர் எவராயினும், மூன்று மாதத்து நீரைப் பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வாறு வைத்திருப்பது என்னும் கேள்விக்கு முதலில் விடை சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் ஜெய்சிங் மன்னர் மலைக்கோட்டையாகிய ஆம்பேரை விட்டு இறங்கி 1727இல் ஜெய்ப்பூர் நகரத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கும், மலையிலே இடமும் நீரும் போதாமற் போனது ஒரு காரணம் என்பர். அவ்வூரிலிருந்து கிழக்கே புறப்படும் பிரயாணி, அதே கேள்விக்குப் பிறர் சொன்ன மூன்று விடைகளை அன்று பொழுது சாய்வதற்குள் பார்த்துவிடலாம்: நிலத்தைக் குடைந்து நீரைத் தேடி இறங்கிய விடை அபானேரியில், வெள்ளத்தை அணைகட்டி மறித்த விடை பரத்பூரில், ஏரியொன்றை உண்டாக்கி அதன் கரையிலே தலைநகரத்தை எழுப்பிய விடை பத்தேபூர் சிக்ரியில்.

இதற்கு வேண்டிய ஆயத்தங்கள் சிலவே. முதலாவது, அதிகாலைப் புறப்பாடு. காலை 6.30க்கு வண்டி நகர்ந்தால்தான் இந்த நாள் கைகூடும். விடுதியிலே காலையுணவை ஆறுதலாக உண்டு ஒன்பது மணிக்குப் புறப்படுவோர் மூன்றில் ஓரிடத்தைக் கைவிட நேரும். ஆனால் திசெம்பர், சனவரி மாதங்களில் வட சமவெளி முழுவதையும் மூடும் பனிமூட்டம் எதிரே வரும் வண்டியையே மறைத்துவிடும். அக்காலத்தில் ஒரு மணித்தியாலம் பிந்திப் புறப்படுவதே உயிருக்கு நலம். இரண்டாவது, சாரதியோடு முன்னிரவே பேசி முடித்துக்கொள்ளவேண்டிய ஒப்பந்தம். எங்கெங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, வீதிச் சுங்கமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் யாருடையவை, இராசஸ்தானத்திலிருந்து உத்தரப் பிரதேசத்துக்குள் நுழையும்போது வாடகை வண்டி செலுத்தவேண்டிய வரி சேர்ந்ததா சேராததா என்பவற்றையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொண்டவர்கள், வழியிலே மனத்தாங்கல் கொள்ளமாட்டார்கள். மூன்றாவது, கடவுச்சீட்டு. அதைப் பெட்டியின் அடியிலே வைத்துப் பூட்டிவிடலாகாது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் நினைவுச் சின்னங்களில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிட மிகக் குறைந்த கட்டணமே அறவிடப்படுகிறது. இலங்கையரும் அச்சலுகைக்கு உரியவர்கள். அதனை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்திவிட்டு வருந்துவோர் உண்டு.

நகரின் கிழக்கு வாயிலைக் கடந்ததும் குன்றுகள் சிறிது தூரம் கூடவே வரும். அவற்றின் மடியிலே நந்தவனங்களும் கல்தாஜீ என்னும் சுனைத் தீர்த்தமும் உள்ளன. அவை ஜெய்ப்பூரிலே தங்கியிருக்கும்போது பார்க்கத் தக்கவை; பிரயாண நாளிலே அவற்றுக்கு இறங்கத் தொடங்கினால் வண்டி நகரெல்லையைத் தாண்டாது. அடுத்து வருவது தௌசா. ஆம்பேரைத் தலைநகராகக் கொள்வதற்கு முன்னர் கச்சவாகா அரச மரபினர் முதலிலே காலூன்றிய இடம் அது. 1562இல் அக்பர் அஜ்மீருக்குப் போகும் வழியில் இப்பக்கமாக வந்தபோதுதான், ஆம்பேர் மன்னர் பாரமல் அவரைச் சாங்கானேரில் சந்தித்து, தம் மகளை மணஞ்செய்து கொடுக்க உடன்பட்டார். அந்த இராசபுத்திரப் பெண்ணின் வயிற்றிலே பிறந்த மைந்தனுக்காகத்தான் பேரரசர் பின்னர் கால்நடையாக நடந்தார். அம்மைந்தனுக்காகவே இந்த வழியின் மறுகோடியில் ஒரு நகரமும் எழுந்தது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு தௌசாவை வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு போய்விடலாம்.

அதனை அடுத்துச் சிக்கந்திரா என்னும் சிற்றூர். வீதியின் இருமருங்கும் கல்தச்சர்களின் பட்டடைகள். மணற்கல்லிலே செதுக்கிய யானைகளும் தூண்களும் பலகணிகளும் புழுதி படிந்து வரிசையாக நிற்கும். பெயரைக் கேட்டதும், 'அக்பரின் சமாதி இங்கேயா இருக்கிறது?' என்று வண்டியை நிறுத்தச் சொல்பவர் உண்டு. அந்தச் சிக்கந்திரா வேறு. அது ஆக்ராவுக்கு அப்பால், மதுரா செல்லும் வீதியில் உள்ளது. 1605இல் மறைந்த அக்பரின் சமாதி அங்கே 1613இல் நிறைவெய்தியது. ஒரே நாட் பிரயாணத்தில் ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள் வருவதால் வழிகாட்டி நூல்களைப் படிப்போர் குழம்புவது இயல்பே.

இந்தக் கல்தச்சர் சிக்கந்திராவை ஒட்டித்தான் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பவேண்டும். கடுகு வயல்களுக்கிடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் சென்றால் அபானேரிக் கிராமம். மாட்டுத் தொழுவங்களும் சில தேநீர்க் கடைகளும் உள்ள சாதாரணக் கிராமமாகவே அது தோன்றும். ஒரு சிறு வாயிலினுள்ளே நுழைந்து நாலடி வைத்ததும், காலடியிலே நிலம் இல்லாமற் போய்விடும். இதுவே சாந்த் பாவ்லி என்னும் படிக்கிணறு.

'கிணறு' என்ற சொல்லைக் கேட்டதும் துலாவும் வாளியும் நினைவுக்கு வருகின்ற நேயர்கள், அந்த எண்ணத்தை ஒருகணம் ஒதுக்கிவைத்தல் வேண்டும். பிரமிடு ஒன்றைத் தலைகீழாக நிலத்தினுள்ளே பதித்து, பின் அதைத் தூக்கி எடுத்துவிட்டால் எஞ்சும் பள்ளம் எப்படியிருக்கும்? அப்படியிருக்கிறது அது. மேலே ஏறக்குறைய 35 மீற்றர் பக்கமுடைய சதுரம். கீழே செல்லச் செல்ல ஒடுங்கி, ஏறத்தாழ 20 மீற்றர் ஆழத்திலே பச்சை நிறமான நீரில் போய் முடிகிறது. மூன்று பக்கங்களிலும் பதின்மூன்று தளங்களாகப் படிகள். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு இரண்டாக எதிரெதிரே சரிந்து இறங்கும் குறுகிய படிவரிசைகள். அவை நூற்றுக்கணக்கான முக்கோணங்களாகக் கண்ணுக்குப் புலப்படும். படிகளின் மொத்தத் தொகை 3,500 என்று சொல்வர். காலைச் சூரியன் ஒரு பக்கமாகச் சாயும்போது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு நிழல் உண்டாகிறது. உச்சிவேளையிலே வருபவருக்கு அந்த நிழல் கிட்டாது. அவர் வெறும் கல்லைத்தான் பார்ப்பார். அபானேரியை நாளின் முதற் காட்சியாக வைக்கவேண்டியதற்கு இதுவே காரணம்.

இது எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டளவில், நிகும்ப மரபைச் சேர்ந்த சாந்தன் என்னும் அரசனால் எடுப்பிக்கப்பட்டதென்பது மரபு. இவ்வளவு படிகள் எதற்கு? அழகுக்காக என்று விடை சொல்வோர் அந்தக் காலத்து அறிவைக் குறைத்து மதிக்கின்றனர். மழை முடிந்த காலத்தில் கிணற்றிலே நீர் மேல்தளங்கள் வரை நிற்கும். மாதந்தோறும் அது இறங்கிக்கொண்டே போகும். நீர் எந்த மட்டத்தில் நின்றாலும், குடத்தோடு வரும் பெண் நீரின் விளிம்பு வரை தன் காலாலேயே நடந்து போகக் கூடியதாக இருத்தல் வேண்டும். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தாலும் ஒருவரையொருவர் இடிக்காமல் மூன்று பக்கங்களிலும் இறங்கி ஏறவும் வேண்டும். இந்த இரு தேவைகளின் கணக்குத்தான் படிகளாக விரிந்திருக்கிறது. அடியிலே மேற்பரப்பைவிடக் காற்று குளிர்ந்திருக்கும். ஆகையால் வேனிற் பகலில் ஊரவர் ஒதுங்கும் இடமாகவும் அது விளங்கியது.

நான்காம் பக்கத்திலே படிகள் இல்லை. அங்கே தூண்களோடு கூடிய மாடங்கள் ஒன்றன்மேலொன்றாக நிற்கின்றன. முன்னே நீண்ட இரு மாடக்குழிகளில் விநாயகரையும் மகிடாசுரமர்த்தனியையும் காணலாம். அவற்றுக்கு மேலேயுள்ள வளைவுகள் முகலாயர் காலத்துப் பிற்சேர்க்கை. கல்லின் வேலைப்பாட்டை உற்று நோக்குவோருக்கு இரண்டு காலங்களும் பிரிந்து தெரியும். கிணற்றுக்கு எதிரே ஹர்ஷத் மாதா கோயில். கூரையும் விமானமும் சிதைந்து, செதுக்கிய கற்கள் முற்றத்திலே கிடக்கின்றன. நீராடிக் கைகால் கழுவி அம்மனை வழிபடுவது பழைய ஒழுங்கு. தீர்த்தமும் கோயிலும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்னும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. இப்பொழுது படிகளிலே இறங்க அனுமதி இல்லை. சுற்றிலும் தடுப்பு வேலி உண்டு. அதைப் பற்றிக் குறைப்படுவோர் சிலர் உளர். ஆயினும், ஆயிரம் ஆண்டு கடந்த அந்த ஒடுங்கிய படிகளில் நாள்தோறும் உல்லாசப் பயணிகளை இறங்க விடுவது கல்லுக்கும் கேடு, காலுக்கும் கேடு. தடை சரியானதே.

ஒன்றரை மணித்தியாலம் இங்கே போதும். பின்னர் நெடுஞ்சாலைக்கு மீண்டு, மகுவா என்னும் சந்தியைக் கடந்து, நண்பகலளவில் பரத்பூரை அடையலாம். அது ஜாட் மன்னர்களின் தலைநகர். 1805இல் ஆங்கிலத் தளபதி லேக் பிரபு நான்கு முறை முட்டி மோதியும் வீழாத மண்கோட்டை அவ்வூரில் உண்டு. ஆனால் பிரயாணி காணவேண்டியது கோட்டையை அன்று. ஊருக்குப் பக்கத்திலேயுள்ள கேவலாதேவ் பறவைப் புகலிடத்தையே. காட்டினுள்ளே இருக்கும் சிவன் கோயிலால் அதற்கு அப்பெயர் வந்தது.

இலங்கையிலே குளத்துக் கட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தின் அமைப்பை விளக்குவது எளிது. பதினெட்டாம் நூற்றாண்டிலே சூரஜ்மல் மன்னர், கம்பீர், பாணகங்கை என்னும் இரு ஆறுகளின் வெள்ளத்தை மறிக்க அஜான் என்னும் நெடிய அணைக்கட்டை எழுப்பினார். அணையிலிருந்து வந்த நீர் அருகேயிருந்த பள்ளநிலத்திலே தேங்கியது. பிற்காலத்து மன்னர்கள் கால்வாய்களும் சிறு வரம்புகளும் வெட்டி அதனைப் பெருஞ் சதுப்பு நிலமாக விரித்தனர். நோக்கம் பறவைகளைக் காப்பதன்று, சுடுவது! 1938ஆம் ஆண்டில் அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அத்தகைய வேட்டைகளின் கணக்கு அங்கேயே கல்லிலே பொறித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெருமைக்காகப் பொறித்த அக்கல்வெட்டு இன்று வேறு பொருளிலே படிக்கப்படுகிறது. பழைய அரச குடும்பத்தாருக்கு 1972 வரையிலும் வேட்டை உரிமை இருந்தது. 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர்தான். மனிதர் கையால் அமைந்த சதுப்பு நிலம் ஒன்று இயற்கை மரபுரிமையாகப் போற்றப்படுவது சிந்திக்கத் தக்கது.

அணையால் வாழ்ந்த இடத்துக்கு அணையாலேயே துன்பமும் வந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியிலே கரௌலி மாவட்டத்திற் கட்டிய பாஞ்சனா அணையின் நீர் தமக்கே வேண்டும் என்று உழவர்கள் நின்றதால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பு நிலம் பல பருவங்கள் வறண்டு வெடித்தது. பின்னர் தொலைவிலிருந்து குழாய் வழியாகவும் வடிகால் வழியாகவும் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீர் வேண்டிய உழவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பறவைக்கோ பேச வாயில்லை. ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெண்கொக்குகள் 2002இற்குப் பின் இங்கே வரவேயில்லை. அதற்குப் பரத்பூரின் வறட்சியைவிட, அவை பறந்துவரும் நெடுவழியில் நடந்த வேட்டையே பெரிய காரணம் என்று சொல்லப்படுகிறது. மற்றப் பறவைகள் வருகின்றன. மாரிக்காலத்தில் மன்னார்க் கடனீரேரிகளுக்கு வரும் ஊசிவால் வாத்தை அங்கேயும் காணலாம்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை செல்வோர் பரத்பூரில் இரண்டு மணித்தியாலம் செலவிடத் தவறக்கூடாது. வண்டியை வாயிலருகே விட்டுவிட்டுச் சைக்கிளிலோ ரிக்ஷாவிலோ உள்ளே போகவேண்டும். ரிக்ஷாக்காரர்களுள் பலர் பறவைகளின் பெயரையும் கூடிருக்கும் மரத்தையும் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்தவர்கள். ஆனால் வேனிற் காலத்தில் நண்பகலிலே அங்கே இறங்குவது வீண். பறவையும் இராது, நிழலும் போதாது. அக்காலத்திற் போவோர் பரத்பூரில் மதிய உணவோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் நேரத்தை அடுத்த இடத்துக்கு அளிப்பதே புத்தி. மூன்று இடங்களையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஓடுபவர், மூன்றிலும் நுழைவுச் சீட்டை மட்டுமே கண்டவராவர்.

பரத்பூரிலிருந்து அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடினால், மாநில எல்லைக்கு அப்பால், செம்மணற்கற் குன்றொன்றின் மேலே பத்தேபூர் சிக்ரி தோன்றும். பிற்பகல் மூன்று மணி அதற்கு உகந்த வேளை. வண்டிகளைத் தொலைவிலே நிறுத்திவிட்டுச் சிறு பேருந்தில் மேலே செல்லவேண்டும். நிறுத்துமிடத்திலேயே, 'அரசாங்க வழிகாட்டி' என்று சொல்லிக்கொண்டு பலர் சூழ்ந்துகொள்வர். அனுமதி அட்டையைக் காட்டாதவரோடு பேச்சை வளர்க்காமல் நடப்பதே நல்லது.

சிக்ரி என்பது பழைய கிராமத்தின் பெயர். மகப்பேறின்றி வருந்திய அக்பர், இக்குன்றிலே வாழ்ந்த ஷேக் சலீம் சிஷ்தி என்னும் சூஃபிப் பெரியாரை நாடி வந்தார். பிறந்த மகனுக்குப் பெரியாரின் பெயரையே சூட்டினார். அந்தச் சலீமே பின்னாளில் ஜஹாங்கீர் ஆனவர். நன்றியறிதலாக 1571இல் இங்கே தலைநகரம் எழத் தொடங்கியது. கல் தேடித் தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. நின்ற குன்றே கற்சுரங்கம். மரத்தை இழைப்பது போல் அக்கல்லை இழைத்துத் தூணும் உத்தரமும் தாங்கிகளும் பொருத்தி எழுப்பிய மாளிகைகளிலே குசராத்தியச் சாயலும் இராசபுத்திரச் சாயலும் பாரசீகச் சாயலும் ஒன்றையொன்று ஒதுக்காமல் அமைந்திருக்கின்றன.

திவானி காஸ் என்னும் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தால் இருமாடிக் கட்டடம். உள்ளே சென்றால் ஒரே கூடம். நடுவே ஒற்றைத் தூண். அதன் தலையில் 36 தாங்கிகள் மலர்போல் விரிந்து ஒரு வட்ட மேடையைச் சுமக்கின்றன. மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கற்பாலங்கள் ஓடுகின்றன. பஞ்ச மகாலோ கீழ்த்தளத்திலே 84 தூண்களோடு தொடங்கி, ஐந்தாம் தளத்தில் நான்கே தூண்களாகக் குறைந்து, காற்றுக்கு மட்டும் வாயிலாக நிற்கிறது. அரசியின் பெரிய அரண்மனையை ஜோதா பாய் மாளிகை என்று வழங்குகின்றனர். சலீமின் தாய்க்கு முகலாய அரண்மனையில் வழங்கிய பட்டம் மரியம் உஸ் ஸமானி. ஜோதா பாய் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அனூப் தாலாவ் என்னும் சதுரத் தடாகத்தின் நடுமேடைக்கு நான்கு பாலங்கள் செல்கின்றன. அத்தடாகத்தை அக்பர் ஒருமுறை நீருக்குப் பதிலாக நாணயங்களால் நிரப்பி, அவற்றை வாரி வழங்கியதாக அவர் காலத்து வரலாறு கூறும். 1575இல் இந்நகரிலேதான் அவர் சமய வாதங்களுக்கென ஒரு மண்டபம் அமைத்தார். முசுலிம் அறிஞரும் இந்துக்களும் சமணரும் பார்சிகளும், 1580இல் கோவாவிலிருந்து வந்த யேசுசபைப் பாதிரிமாரும் மன்னர் முன்னிலையிலே வாதிட்டனர்.

அரண்மனைப் பகுதிக்கு அப்பால் பெரிய பள்ளிவாசல். அதன் முற்றத்திலே, சிவப்பு நிறத்தின் நடுவே சலவைக்கல்லாலான சலீம் சிஷ்தியின் அடக்கத்தலம் முத்துப் போல் இருக்கிறது. பலகணிகள் ஒவ்வொன்றும் ஒரே கல்லைக் குடைந்து செய்த வலைப்பின்னல். மகப்பேறு வேண்டுவோர் அவற்றிலே நூல் முடிகின்றனர். சமய வேறுபாடின்றி வருகின்றனர். இப்பகுதிக்குக் கட்டணம் இல்லை. பாதணி கழற்றி, தலையை மூடிச் செல்லவேண்டும். தென்புறத்திலே புலந்த் தர்வாசா. குசராத்து வெற்றியின் நினைவாக எழுந்த அவ்வாயில், கீழே நின்று நோக்குபவருக்குப் படிக்கட்டோடு சேர்த்து 54 மீற்றர் உயரம்.

இத்தகைய நகரம் பதினான்கே ஆண்டுகளில், 1585இல், அரசரில்லா நகரமாயிற்று. ஏன்? வழிகாட்டிகளைக் கேட்டால், 'தண்ணீர் இல்லாமற் போயிற்று. விட்டுப் போனார்கள்' என்று ஒரே மூச்சிலே சொல்லிவிடுவர். பாடப்புத்தகங்களிலும் அதுவே இடம்பெற்றுவிட்டது. ஆனால் காலையிலிருந்து நீரின் கதையைப் பார்த்துக்கொண்டு வந்த பிரயாணி அவ்வளவு எளிதில் அதனை ஏற்றுக்கொள்ளவேண்டியதில்லை. குன்றின் வடமேற்கே நீரோடையை மறித்துப் பெரியதோர் ஏரி உண்டாக்கப்பட்டிருந்தது. தேரா மோரி என்னும் பதின்மூன்று கண்களுடைய பழைய அணையை இன்றும் காணலாம். ஹாத்தி போல் என்னும் யானை வாயிலின் அருகே பெரிய படிக்கிணறும், உருளைகளால் நீரைப் படிப்படியாக மேலேற்றி அரண்மனைக்கு அனுப்பிய நீரேற்று நிலையமும் உள்ளன. அபானேரியில் மனிதர் நீரிடம் இறங்கினர். இங்கே நீரையே மனிதரிடம் ஏற்றினர். 1582இல் ஏரிக்கரை ஒருமுறை உடைந்தது உண்மையே. ஆயினும் அதன் பின்னரும் அரசர் மூன்று ஆண்டுகள் இங்கே இருந்தார்.

அவர் புறப்பட்டதற்கு உடனடிக் காரணம் வேறு. 1585இல் காபூலை ஆண்ட அவருடைய தம்பி மிர்சா ஹக்கீம் இறந்தான். வடமேற்கு எல்லை கலங்கியது. அக்பர் இலாகூரைத் தளமாகக் கொண்டு அங்கே 1598 வரை தங்கினார். திரும்பியபோது ஆக்ராவுக்கே வந்தார். சிக்ரியை விட்டுப் போக எண்ணிப் போனாரல்லர். போனவர் மீண்டு வந்து குடியிருக்கவில்லை, அவ்வளவே. ஏரியும் அன்றே வற்றிவிடவில்லை. 1619இல் ஆக்ராவிலே கொள்ளைநோய் பரவியபோது ஜஹாங்கீர் தாம் பிறந்த இந்நகரிலே ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கினார். அப்போது ஏரியின் சுற்றளவை அளப்பித்து, ஏழு கோஸ் இருந்ததாகத் தம் நினைவுக் குறிப்பிலே பதிந்திருக்கிறார். நீர் இருந்தது, அரசு வேறிடத்தில் இருந்தது. இன்று அந்த ஏரி நின்ற இடம் பெரும்பாலும் வயல். மேல்மாடத்திலிருந்து வடமேற்கே பார்த்தால், பயிர்ப் பசுமை எங்கே தொடங்குகிறதென்பதைக் கொண்டு பழைய கரையை ஊகித்துக்கொள்ளலாம். வழிகாட்டிகள் அந்தப் பக்கத்துக்கு எவரையும் அழைத்துச் செல்வதில்லை.

ஐந்தரை மணியளவில் கதவுகள் அடைபடும் நேரம் நெருங்கிவிடும். சாயும் வெய்யிலிலே செங்கல் தணல்போற் காணும் அந்த அரை மணித்தியாலத்தைக் கடை வாசல்களிலே இழந்துவிடக் கூடாது. பிறகு எஞ்சுவது ஆக்ரா வரையுள்ள ஏறத்தாழ 37 கிலோமீற்றர். 1585இல் இவ்வழி வந்த ரால்ஃப் பிட்ச் என்னும் ஆங்கில வணிகர், ஆக்ராவும் பத்தேபூரும் தனித்தனியே இலண்டனைவிடப் பெரியவை என்றும், இரண்டுக்கும் இடைப்பட்ட வழி முழுவதும் ஓயாத சந்தையாகவே இருந்தது என்றும் எழுதிவைத்தார். இப்பொழுது உருளைக்கிழங்கு வயல்களும் செங்கற் சூளைகளும் இடையிடையே வருகின்றன. சன்னலோரத்தில் இருப்பவர், வீதிக்குச் சற்று விலகி நிற்கும் கோஸ் மினார் ஒன்றிரண்டைக் கண்டுகொள்ளலாம். சாரதியிடம் முன்னமே சொல்லிவைத்தால் அவர் வண்டியின் வேகத்தைத் தணிப்பார்.

இரவு ஏழு மணிக்குள் ஆக்ரா விடுதியை அடைந்துவிடலாம். ஒரே ஒரு கணக்கு மட்டும் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே போட்டுவைக்க வேண்டியது: வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் மூடப்பட்டிருக்கும். ஆகையால் இந்தப் பிரயாணத்தை வியாழக்கிழமையில் வைத்துக்கொள்பவர்கள், மறுநாள் யமுனையின் அக்கரையில் மேத்தாப் பாக் தோட்டத்திலே நின்று ஆற்றுக்கு மேலாகத்தான் அதனைப் பார்க்க முடியும்.